ஊவா மலையில் ஒரு கவ்வாத்துப் பாடம்

பதுளைக்குப் பிரயாணம் செய்வதென்று நாம் தீர்மானித்ததற்கு ஒரு வைத்தியரே காரணம். நாம் மூவர், மூவரும் கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் பெண்கள். ஒருவர் வங்கியில் இருபது ஆண்டுகள் பணியாற்றி, அடுத்த பதவி உயர்வை எட்டிப் பிடிக்கும் தறுவாயில் இருப்பவர். வேலையைக் காத்து உடம்பைக் கைவிட்டவர். இன்னொருவர் ஆசிரியை, உடம்பைக் காப்பதற்காக விடியற்கால நடை, அளவான உணவு என்று அட்டவணை போட்டு, அந்த அட்டவணையே இரண்டாவது உத்தியோகமாகி இளைத்தவர். மூன்றாமவர் ஒரு கந்தோரின் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பானவர். வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போய், சந்நிதியில் நின்றபடியே மறுநாட் கணக்கை மனத்தில் கூட்டிக்கொண்டிருப்பவர்.

2025 ஆம் ஆண்டு ஆடி பிறந்து சில நாட்களில், எம்முள் மூத்தவர் தமது மேசையருகே மயங்கி விழுந்தார். பரிசோதித்த வைத்தியர், பெரிய நோய் ஒன்றுமில்லை, இரத்தமும் உறக்கமும்தான் குறைவு என்று கூறி, "ஒரு வாரத்துக்கு வேலை என்ற சொல்லே காதில் விழாத இடத்துக்குப் போங்கள்" என்று கட்டளையிட்டார்.

நாம் போன இடமோ ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டம். அங்கே காலை முதல் மாலை வரை காதில் விழுவது வேலை என்ற அந்த ஒரு சொல்தான். வைத்தியரின் கட்டளையை மீறினோமா, நிறைவேற்றினோமா என்பதை இறுதியில் நேயர்களே தீர்ப்புக் கூறலாம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை இருப்புப் பாதை 290 கிலோமீற்றருக்கு மேல். பிரயாணம் ஏறத்தாழப் பத்து மணி நேரம். நாம் சென்றது ஓகஸ்ட் மாதத்தின் முற்பகுதி. நானுஓயா வரை மழையும் மூடுபனியும் எம்முடன் கூடவே வந்தன. பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. இலங்கையில் அதனினும் உயரமான புகையிரத நிலையம் இல்லை. அதைக் கடந்ததும் வண்டி ஒரு சுரங்கத்துள் நுழைந்தது. உள்ளே நுழையும்போது மழை. வெளியே வரும்போது வெயில்! தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வெறுங்கையுடன் ஊவாவுக்குள் இறங்குகின்றது. ஒஹிய, அப்புத்தளை, பண்டாரவளை என்று வண்டி இறங்க இறங்க, பள்ளத்தாக்குகள் வெயிலிலே விரித்துப் போட்ட பச்சைப் பாய்களாகத் தோன்றின.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலே, 1921 இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலத்தை வண்டி மெதுவாகக் கடந்தது. தெமோதரையில் இன்னுமொரு விந்தை. இருப்புப் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தான் சற்றுமுன் நின்ற நிலையத்தின் அடியாகவே சுரங்கத்தில் நுழைந்து செல்கின்றது. இந்தப் பாதை பதுளையை எட்டியது 1924 இல். தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகம் சேர்ப்பதற்காகவே மலையைக் குடைந்த அக்காலத்தவர், அப்பெட்டிகளை நிரப்பிய கைகளின் சிரமத்தை இவ்வளவு அக்கறையுடன் எண்ணியதுண்டோ என்று எம்முள் ஒருவர் கேட்டார். வண்டி பதுளையை அடைந்தபோது மாலையாகிவிட்டது.

நமுனுகுல மலைத்தொடரின் அடிவாரத்திலே, பதுளு ஓயா வளைத்தோடும் அழகிய நகரம் பதுளை. முதியங்கனை விகாரையில் வெண்ணிற ஆடையினர் மலர்த்தட்டுடன் செல்ல, கதிர்வேலாயுத சுவாமி கோயிலில் மணி ஒலிக்கின்றது. நகரிலிருந்து ஐந்து கிலோமீற்றர் போனால் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி. 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர், அடியிலே புகையாகவே மாறிவிடுகின்றது. இவற்றையெல்லாம் ஒரே நாளில் பார்த்து முடித்து, குறிப்புப் புத்தகத்தில் அடையாளமும் இட்டோம். ஓய்வையும் கந்தோர் வேலை போலவே செய்து முடிக்கும் எமது பழக்கத்தை எண்ணி அன்றிரவு நாமே சிரித்தோம்.

மறுநாள் பசறைப் பக்கத்திலுள்ள ஒரு தோட்டத்துக்குச் சென்றோம். எமது ஆசிரியைத் தோழியுடன் பயிற்சிக் கலாசாலையில் ஒன்றாகப் படித்த இளம்பெண் ஒருத்தியின் வீடு அங்கே இருந்தது. அவளும் ஆசிரியை. அவளுடைய தாயார் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கொழுந்து பறிப்பவர். தந்தையார் தோட்டத்துக் காவற்காரராயிருந்து ஓய்வு பெற்றவர். லயத்தின் கடைசிக் காம்பரா அவர்களுடையது. முன்னே சாணமிட்டு மெழுகிய வாசல், செவ்வந்திச் செடிகள், சுவரிலே முருகன் படம், அதன்கீழ் எப்போதும் எண்ணெய் காயாத ஒரு சிறு விளக்கு.

அந்தத் தாயாரின் ஒருநாள் வாழ்வை நேயர்களுக்குச் சொல்லியாக வேண்டும். நான்கு மணிக்கு எழுகின்றார். குழாயடியில் தண்ணீர், விறகடுப்பில் நெருப்பு, விளக்குக்குத் திரி, பின்பு ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும். ஏழு மணிக்கு முன்பே பெரட்டுக் களம். இடுப்பிலே படங்கு, தலையிலே கயிறு, முதுகிலே கூடை. செங்குத்தான மலையில் நிரை பிடித்து ஏறுகின்றார். 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்று நாம் புத்தகத்தில் எளிதாகப் படித்துவிடுகின்றோம். ஒரு நாட் சம்பளம் முழுமையாகக் கிடைப்பதற்கு அப்படிப் பறித்துச் சேர்க்க வேண்டிய நிறை, தோட்டத்துக்குத் தோட்டமும் பருவத்துக்குப் பருவமும் மாறும். பெரும்பாலும் பதினெட்டுக் கிலோ, சில இடங்களில் அதற்கும் மேல். நிறை குறைந்தால் 'அரைப்பேர்'தான் விழும்.

எமது கணக்குப் பிரிவுத் தோழி தமது வழக்கம்போல் மனக்கணக்குப் போட்டார். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பதினெட்டுக் கிலோவில் நான்கு கிலோ தூள். கோப்பைக்கு இரண்டு கிராம் வீதம் 2,000 கோப்பைத் தேநீர்! ஒரு பெண்மணி ஒரே பகலில் ஈராயிரம் பேரின் களைப்பை ஆற்றிவிட்டுத் தாம் களைத்து வீடு திரும்புகின்றார். திரும்பிய பின்னரும் விறகு, தண்ணீர், சமையல், பாத்திரம். கணவர் நல்ல மனிதர், குடியில்லை, சண்டையில்லை. ஆனால் அடுப்படி தமது ஆட்சி எல்லைக்கு அப்பாற்பட்ட தேசம் என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். திண்ணையில் அமர்ந்து, மனைவி மலையிலிருந்து வந்து தேத்தண்ணீர் தருவதற்காகக் காத்திருப்பார்.

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்பது பழமொழி. மலைநாட்டுக்கு அந்தப் பழமொழி ஒருபோதும் பொருந்தியதில்லை. 1820 களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வரலாயினர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் மலையெங்கும் தேயிலை பரவிற்று. அப்பொழுது கொழுந்துக்கு வேண்டியவை பெரும்பாலும் பெண்களின் கைகளாகவே இருந்தன. நகரத்துப் பெண் கந்தோர்ப் படியேறலாமா என்று ஊர் விவாதித்துக்கொண்டிருந்த காலத்திலே, இவர்கள் மூன்று தலைமுறை சம்பளத்துக்கு உழைத்துவிட்டனர். அவ்வாறு உழைத்தும், ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் இவர்கள் கைக்கு வந்தது 1984 ஆம் ஆண்டில்தான். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021 இல். அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது 2024 இல். கூலி உயர்வு ஒவ்வொன்றும் எவ்வளவு நெடிய கோரிக்கைக்குப் பின் வந்தது என்பதை இந்நாட்டார் அறிவர்.

மறுநாள் காலையில் தாயாருடன் நாமும் மலைக்குச் சென்றோம். ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசுகின்றது. அந்தக் காற்றில் கொழுந்தின் வளர்ச்சி குன்றி, இலையிலே ஒரு தனி மணம் திரளுகின்றது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெருமை தருவது இந்தப் பருவத்து மணமே. இதைக் கேட்டதும் எம்முள் மூத்தவர், "பார்த்தீர்களா, வருத்தினால்தான் செடியும் மணக்கின்றது, மனிதரும் அப்படித்தான்" என்றார். மயங்கி விழுந்தவர் சொன்ன தத்துவம் இது!

தாயார் அதை மறுத்து ஒன்றும் பேசவில்லை. எதிரேயிருந்த சரிவைக் கைகாட்டினார். அங்கே தேயிலைச் செடிகள் இலையின்றி, வெட்டுண்ட கிளைகளுடன் நின்றன.

"அது கவ்வாத்து மலை, புள்ளைகளா. வெட்டின பெறகு மாசக் கணக்கா அதுல யாரும் கொழுந்து கேக்க மாட்டாங்க. செடி தூங்கி எந்திரிக்கட்டும்னு விட்டுருவாங்க. இல்லாட்டி செத்துப் போகும்ல?"

அந்தச் சொற்களைக் கேட்டு நாம் மூவரும் சற்று நேரம் வாய் திறக்கவில்லை. பின்பு தோட்டத்து வேலையறிந்த ஒருவரிடம் கேட்டு விவரம் தெரிந்துகொண்டோம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலைக்கும் கவ்வாத்து முறை வருகின்றது. வெட்டுமுன் வேரிலே மாச்சத்துப் போதிய அளவு சேர்ந்திருக்க வேண்டும். அதற்காகச் சில வாரம் முன்பே பறிப்பதை நிறுத்தி வைப்பதுண்டு. வேர் வறண்ட நிலையில் வெட்டினால் செடி துளிர்க்காது. சில இடங்களில் ஒன்றிரண்டு கிளைகளை இலையுடனேயே விட்டுவைப்பார்கள். புதுத் துளிர் வரும்வரை செடி அவற்றால் சுவாசிக்கும். இவ்வளவும் செடியின்மீது கொண்ட கருணையால் அன்று. ஓய்வில்லாத செடி விளைச்சல் தராது என்ற கணக்கினால். செடிக்குப் போட்ட இந்தக் கணக்கைப் பறிப்பவளுக்கு யார் போட்டார்கள்? அதைவிட நெருக்கமான கேள்வி ஒன்றும் உண்டு: எமக்கு நாமே போட்டோமா?

அன்றிரவு தாய்க்கும் மகளுக்கும் இடையே இருந்த ஒரு வழக்கு வெளிப்பட்டது. மகள் பட்டப்படிப்பை முடித்தவள். அதிபர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இல். அதற்கு முன் ஐந்தாம் வகுப்புடன் படிப்பு முடிந்துவிடும் லயங்கள் பல. அப்படிப்பட்ட லயத்திலிருந்து ஒரு பெண் அதிபராவதென்றால் அது குடும்பத்துக்கு மட்டுமான பெருமை அன்று. ஆனால் அவள் சொன்னாள்:

"அக்கா, நான் படிக்கிறதுக்காக அம்மா சமைக்கிறாங்க, தண்ணி எடுக்கிறாங்க, மலைக்கும் போறாங்க. முழங்கால் வீங்கிக் கிடக்கு. வேலைய விடுங்கன்னா கேக்குறதில்ல. என்னோட முன்னேற்றத்த அவங்க முதுகிலதான் சுமக்கிறாங்க."

தாயார் அடுப்பைப் பார்த்தபடியே, "வேலைய விட்டா கையில காசு ஏது, தாயி? ஒங்கிட்டக் கேட்டு வாங்குறதா?" என்றார். அவருக்குச் சம்பளம் வெறும் பணம் அன்று. வாழ்நாள் முழுதும் தலைநிமிர்ந்து நின்றதற்குரிய அடையாளம். அந்தப் பெருமையை விடச் சொல்ல எமக்கு நா எழவில்லை. ஆயினும் ஒரு செய்தி எம்மை உறுத்திற்று. ஆண்டுதோறும் கதிர்காமம் போய் வந்த அவர், ஐந்தாண்டுகளாகப் போகவில்லையாம். மூன்று நாட்பேர் இழக்க மனமில்லை. வீட்டைப் பார்க்கவும் ஆளில்லை.

"நாளையே போவோம்" என்றார் எம்முள் மூத்தவர். அவர் முன்யோசனையின்றி எடுத்த முதல் முடிவு அதுவாகவே இருக்க வேண்டும். வீட்டை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தபோது நாம் ஐவரும் திண்ணைப் பக்கம் திரும்பினோம். தந்தையார் தொண்டையைக் கனைத்தார். பின்பு வேறு வழியின்றித் தலையை அசைத்தார்.

கதிர்காமமும் ஊவா மாகாணத்ததே. மொனராகலை மாவட்டத்தில் உள்ளது. எல்லவிலிருந்து வெல்லவாய வரை மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்குகின்றது. வழியிலே இராவணன் பெயர் தாங்கிய நீர்வீழ்ச்சி. புத்தலவைக் கடந்தால் யானைகள் உலாவும் காடு. ஆடித் திருவிழாக் கூட்டம் கலைந்திருந்தது. மாணிக்க கங்கையில் முழங்காலளவு நீர். தாயார் அதில் இறங்கி நின்று, வீங்கிய முழங்கால்களின்மீது கை கையாக நீரை வார்த்துக்கொண்டேயிருந்தார்.

கதிர்காமத்துக் கருவறையில் திருவுருவத்தைக் காண்பதற்கில்லை. திரைச்சீலைக்கு முன்னேதான் வழிபாடு. முருகன் சந்நிதியில் கும்பிட்ட தாயார் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. எதிரேயுள்ள வள்ளியம்மன் கோயிலுக்குச் சென்று நிலத்தில் அமர்ந்துவிட்டார். பெருந்திருவிழாவில் முருகன் யானைமீது எழுந்தருளி வருவதும் இந்தக் கோயிலுக்கே அன்றோ! ஏன் இங்கேயே அமர்ந்தீர்கள் என்று கேட்டோம்.

"வள்ளியம்மாவும் நம்மள மாதிரி வேல செஞ்ச பொண்ணுதானே, புள்ளைகளா. வெயில்ல நின்னு தினை காத்தவ. சாமி அவளத் தேடி மலைக்குத்தான் வந்தாரு. அவ சாமியத் தேடிப் போக நேரம் ஏது?"

புராணம் அறிந்தவர்கள் நாம். பரண்மீது நின்று கவண்கல் வீசித் தினைப்புனம் காத்த வேடர் குலக் கன்னியின் கதையைச் சிறுவயது முதலே கேட்டிருக்கிறோம். ஆனால் அவளை ஒரு தொழிலாளிப் பெண்ணாக நாம் எண்ணியதில்லை. தொழில் ஒருபுறம், தெய்வம் ஒருபுறம் என்று பகுத்து வைத்து இரண்டுக்கும் நேரம் ஒதுக்கத் திண்டாடும் எமக்கு, அந்தத் தாயார் தினைப்புனத்திலேயே தெய்வத்தைக் காட்டிவிட்டார்.

அதைக் கேட்டு மனமுருகி நின்றுவிட்டால் நாம் பாதிப் பாடத்தையே கற்றவராவோம். மீதிப் பாதி அன்றிரவு கிடைத்தது. யாத்திரிகர் விடுதியில் ஐவரும் பாய் விரித்துப் படுத்தோம். காலையில் கண்விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. மகள் எழுந்து அமர்ந்து தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாயார் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றாள் மெதுவாக, "எனக்கு முப்பது வயசாகுது. எங்கம்மா தூங்கி நான் பாத்ததே இல்ல. நான் முழிக்கிற நேரம் எப்பவும் அடுப்படியிலதான் இருப்பாங்க."

அவரை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. எட்டரை மணி வரை சுற்றியிருந்து காவல் காத்தோம். அன்றைய தினம் நாம் செய்த வழிபாடு அதுவே என்று சொன்னால் நேயர்கள் தவறாக எண்ண மாட்டார்கள்.

தோட்டங்களின் வாழ்வை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஞாயிறும் போயாவும் நீங்கலாக, மாரியம்மன் திருவிழா, காமன் கூத்து, தீபாவளி, கதிர்காம யாத்திரை என்று தெய்வத்தின் பெயரால் வந்த நாட்களே இந்த மக்களின் முதுகிலிருந்து கூடையை இறக்கி வைத்தன. கேட்டால் கிடைக்காத ஓய்வு, சாமி காரியம் என்றதும் கிடைத்தது. பக்தி அவர்களுக்கு வேலையோடும் உடம்போடும் சேர்த்துச் சுமக்கும் மூன்றாவது சுமை அன்று. சுமையை இறக்கிவைக்கும் சுமைதாங்கிக் கல். நாமோ கோயிலையும் ஒரு கடமையாக்கி, உடற்பயிற்சியையும் ஒரு பரீட்சையாக்கி, உத்தியோகத்தின்மேல் அவற்றையும் அடுக்கிவிட்டோம்.

பெண் முன்னேற விரும்புவது குற்றமா? ஒருபோதும் இல்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்ட மக்கள் இவர்கள். நாடற்றவர் என்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 இல் வந்தது. 2024 நவம்பர்ப் பொதுத்தேர்தலிலே பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும், நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்பட்டபோது, மலையகப் பெண்ணின் ஆசைக்கு எல்லை கட்ட முடியாதென்று எல்லோரும் கண்டனர். ஆசை வேண்டும், உயர வேண்டும். ஆனால் ஒரு பெண்ணின் உயர்வு இன்னொரு பெண்ணின் உறக்கத்தை விலையாகக் கேட்பதாயின், அந்த வீட்டில் கணக்கு எங்கோ பிழைத்திருக்கின்றது. அதைச் சரிசெய்ய வேண்டியவள் அவள் ஒருத்தி மட்டும் அல்லள். திண்ணையில் இருப்பவரும் எழுந்து வர வேண்டும்.

அவர் எழுந்து வந்தார் என்பதையும் மகிழ்ச்சியுடன் பதிவு செய்கின்றோம். மூன்றாம் நாள் மாலை லயத்துக்குத் திரும்பியபோது, தந்தையார் தாமே தேத்தண்ணீர் ஊற்றி ஐந்து கோப்பைகளில் கொண்டுவந்து வைத்தார். சீனி சற்று அதிகம். சாயம் மிகக் கடுப்பு. தாயார் ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கினார்.

கொழும்பு திரும்பிய பின் எம்முள் மூத்தவர் பதவி உயர்வை ஏற்றுக்கொண்டார். ஆனால் இரவு எட்டு மணிக்குமேல் கந்தோர்த் தொலைபேசியை எடுப்பதில்லை. ஆசிரியை தமது அட்டவணையைக் கிழித்தெறிந்தார். கணக்குப் பிரிவுத் தோழி சந்நிதியில் இன்னும் கூட்டல் போடுவதுண்டு. இப்போது அதைக் கண்டு தாமே சிரித்துக்கொள்கின்றார்.

இத்துடன் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இலங்கையைத் தாக்கியது. பதுளை மாவட்டத்திலும் மலைகள் சரிந்து பல உயிர்களைக் கொண்டு போயின. 2014 ஒக்ரோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததை மறவாத மக்களுக்கு அது இரட்டைத் துயரம். பல நாள் முயன்று அந்த வீட்டாருடன் பேசினோம். நால்வருக்கு ஒரு பாய் என்ற நிலையில் பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தார்கள், உயிருக்கு ஆபத்தில்லை. காலடி மண் உறுதியாயிராத இடத்தில் உடல்நலமும் மனநிம்மதியும் பேசுவது எவ்வளவு கடினம்! பாதுகாப்பான நிலமும் வீடும் அந்தப் பெண்களுக்குரிய முதல் ஆரோக்கியம் என்பதை அன்று உணர்ந்தோம். அதே மாதத்து வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,750 ரூபாயாக உயர்த்துவதாக அறிவிப்பு வந்திருந்தது. கூலியுடன் நிலமும் சேரும் நாளே முழுமையான நாள்.

மகளிடம் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டோம்.

"தூங்குறாங்க, அக்கா," என்றாள். "இங்க சோறு ஆக்குறது அப்பாவும் மத்த ஆம்பிளைகளும்தான். எழுப்பவா?"

வேண்டாம் என்றோம்.